நீலாவதியின் புது முழங்கால்

நீலாவதி தண்ணீரையே கழுவிவிட்டுத்தான் குடிப்பாள் என்று ரந்தாவ் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கேலி பேசுவார்கள். அவளுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. அடுத்த வீட்டுத் தம்ளரில் வாய் வைக்க மாட்டாள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மோர்ச் சோற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் நாற்றம் தோட்டத்தில் வேறு யாருக்கும் உறைப்பதில்லை. அவள் மட்டும் முப்பத்து நாலு வருசமும் மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் பால் வடிய மரம் வெட்டினாள்.

ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட்ட பிறகு அவளுக்கு உதிர்ந்த பழம் பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள். குந்தி உட்கார்ந்து, குந்தினபடியே நகர்ந்து, புல்லுக்குள் கிடக்கிற பழத்தை ஒவ்வொன்றாகச் சாக்கில் போட வேண்டும். அதில் ஒன்பது வருசம் போனது. முழங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. நடந்தால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் நறநறவென்று கேட்கும். வலது கால் ரொம்ப மோசம்.

வேலையை விட்டபின் அவளும் புருஷன் அர்ச்சுனனும் ராசா ஊரில் சின்ன வீடொன்றில் குடியிருந்தார்கள். அர்ச்சுனன் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காலை பத்து மணிக்குக் கோப்பிக்கடைக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். அப்படி அவர் போயிருந்த ஒருநாள், 1994 மார்ச்சில், நீலாவதி கக்கூஸில் குந்திவிட்டு எழுந்திருக்கக் கதவுப்பிடியைப் பிடித்தாள். பிடி கையோடு வந்துவிட்டது. ஈரத்தரையில் கன்னம் பட விழுந்தவள் ஒரு மணி நேரம் எழ முடியாமல் அப்படியே கிடந்தாள். பிற்பாடு யாரிடம் சொன்னாலும் கால் வலித்ததைச் சொல்ல மாட்டாள். கக்கூஸ் தரையில் தன் முகம் பட்டதைத்தான் சொல்லுவாள். அன்றைக்கு முகத்தை ஒன்பது தடவை கழுவினாள். சாயந்திரம் ஜொகூரில் இருக்கும் மகன் சந்திரனுக்குப் போன் போட்டாள்.

"காலை வெட்டினாலும் சரி, மாத்தினாலும் சரி. பாத்து ஏற்பாடு பண்ணு."

டாக்டர் அமிர்தலிங்கம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

"எலும்ப முழுசா எடுக்குறது இல்லம்மா. தேஞ்சுபோன முனைய மட்டும் சீவி எடுத்துட்டு மேலயும் கீழயும் இரும்பு போடுவோம். நடுவுல கெட்டி பிளாஸ்டிக். வலி போயிரும், காலும் நேராயிரும். ஆனா மொத ஆறு வாரம் கஷ்டம். மூணு நாலு மாசத்துக்கு வீக்கமும் சூடும் இருக்கும். பழைய மாதிரி குந்த முடியாது."

"குந்த வேணாம்," என்றாள் நீலாவதி. "குந்துனதெல்லாம் போதும்."

"இன்னொன்னு. ஆபரேசன் பாதிதான். மீதி நீங்க செய்யணும். வலிக்குதுன்னு மடக்காம விட்டீங்கன்னா மூட்டு இறுகிப்போயிரும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்குப் போனா புண்ண தெனமும் பாக்கணும். யாரு பாத்துக்குவா?"

பின்னால் நின்ற அர்ச்சுனன், "நான் இருக்கேன் டாக்டர்," என்றார்.

ஆஸ்பத்திரியில் பதினேழாம் நம்பர் கட்டிலைக் கொடுத்தார்கள். எத்தனை பேர் படுத்துப்போனதோ என்று நீலாவதி வீட்டிலிருந்து கொண்டுவந்த விரிப்பை மேலே போட்டாள். மிஸி என்று கூப்பிடும் நர்ஸ் அதை எடுத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் தொடையிலிருந்து கணுக்கால்வரை மயிரை மழித்தார்கள். மழித்த கால் அவளுக்கு உரித்த கோழிபோல் இருந்தது.

முதுகெலும்பில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு காணாமல் போயிற்று. மயக்கம் வேறு, மரப்பு வேறு என்று அவளுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. தூங்க மருந்து கொடுத்தும் அவள் அரைகுறையாக விழித்தே கிடந்தாள். பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப்பட்டறைச் சத்தம் கேட்டது. ரம்பம் ஓடியது. பிறகு சுத்தியல். ஒவ்வொரு அடிக்கும் அவள் தாடை ஆடியது. வலியே இல்லை. நாற்றம் மட்டும் வந்தது. மயிர் பொசுங்குவதுபோல, கசாப்புக்கடையில் எலும்பு வெட்டும் இடத்தில் வருவதுபோல. அது தன் உடம்பின் வாசம் என்று புரிந்தது. "வாந்தி வருது," என்றாள். யாரோ கன்னத்தோரம் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள்.

வார்டுக்கு வந்து கண் திறந்தபோது கட்டிலின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தொங்கியது. முழங்காலுக்குள்ளிருந்து வந்த குழாய் வழியாக அதில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டியும் நீருமாகப் பாதிப் போத்தல் நிறைந்திருந்தது. மூத்திரத்துக்கு இன்னொரு குழாய், இன்னொரு பை. பார்க்க வந்த அர்ச்சுனன் போத்தலைப் பார்த்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு ரத்தத்தப் பாத்தா ஒத்துக்காது நீலா," என்றார். தீபாவளிக்குத் தீபாவளி லயத்து வீடுகளுக்கெல்லாம் ஆடு உரித்துக் கொடுத்தவர் அவர்.

மரப்பு இறங்கியதும் வலி வந்தது. பிள்ளை பெற்ற வலிபோல விட்டுவிட்டு வரவில்லை. ஒரே இடத்தில் நின்று கொதித்தது. ஊசி போட்டால் கொஞ்சம் அடங்கும், நாக்கு வறண்டு உலகம் மங்கும். அந்த மங்கலில்தான் தரை கூட்டிக்கொண்டு வந்த நீலச் சட்டைக்காரியை நீலாவதி அடையாளம் கண்டுகொண்டாள்.

முத்தாயி. அதே தோட்டத்தில், லயத்தின் கடைசி வீட்டுக்காரி. வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் முத்தாயியின் அப்பாதான் வாளி தூக்குவார். பதினாலு வயதில் முத்தாயியும் அந்த வேலைக்கு வந்தாள். நீலாவதிக்கும் அப்போது அதே வயதுதான். இரண்டு பேரும் ஒரே பைப்படியில் தண்ணீர் பிடித்தாலும் முத்தாயி பிடித்துப் போன பிறகு நீலாவதி பைப்பைக் கழுவிவிட்டுத்தான் தன் வாளியை வைப்பாள். முத்தாயி அதைப் பார்ப்பாள். ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமாகி முத்தாயி தோட்டத்தை விட்டுப் போய் முப்பத்தைந்து வருசம் ஆகிவிட்டது.

இப்போது அவள் அந்த வார்டில் துப்புரவு வேலைக்காரி. கூட்டுவது, துடைப்பது, எழ முடியாதவர்களுக்கு மலம் கழிக்கப் பேன் வைத்து எடுப்பது எல்லாம் அவள்தான். நீலாவதியைப் பார்த்தாள். அட்டையில் எழுதியிருந்த பெயரையும் பார்த்தாள்.

"பதினேழாம் பெட்டு, பேனு வேணுமா?"

"வேணாம்," என்றாள் நீலாவதி.

இரண்டாம் நாள் ரத்தப் போத்தலையும் மூத்திரக் குழாயையும் எடுத்தார்கள். கட்டை அவிழ்த்தபோது நீலாவதி முதல் முறையாகக் காலைப் பார்த்தாள். பலாப்பழம்போல் வீங்கி, தொடையும் ஆடுசதையும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தன. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு மேலிருந்து கீழாக இரும்பு ஊக்குகள் வரிசையாக அடித்திருந்தன. தாள்களைச் சேர்த்து அடிக்கிற மாதிரிதான். அன்றைக்கு முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றே அவளை எழுப்பி நிற்க வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த ரொகாயா என்ற மலாய்ப் பெண் மெலிந்தவள், குரல் மெல்லியது, கை மட்டும் இரும்பு. நாலுகால் சட்டத்தைப் பிடித்து நிற்கச் சொல்லி, சட்டம் முதலில், பிறகு புண்பட்ட கால், பிறகு நல்ல கால் என்று வரிசை கற்றுக் கொடுத்தாள். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து முழங்காலை மடக்கினாள். உள்ளே ஏதோ கிழிவதுபோல் இருந்தது.

"தஹான் சிக்கிட், மக்சிக்," என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுகிறாள் என்று தெரிந்தாலும், பொறுக்கிறதில் என்ன கொஞ்சம் என்று நீலாவதிக்கு எரிச்சல் வந்தது. தூங்கும்போது முழங்காலுக்கடியில் வைத்திருந்த தலையணையையும் ரொகாயா பிடுங்கிக்கொண்டாள். மடங்கினபடி கிடந்தால் பிறகு கால் நீளாதாம்.

நான்கு நாள் நீலாவதி வெளிக்குப் போகவில்லை. வலி மருந்தே கட்டிவிடும் என்று மிஸி சொன்னாள். அது பாதி. முத்தாயி கையால் பேன் வாங்கக் கூடாது என்று அவள் அடக்கிக்கொண்டது மீதி. ஐந்தாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. மருந்து கொடுத்தார்கள். மத்தியானம், பார்வை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், அடக்க முடியாமல் போயிற்று. மணியை அடித்தாள். முத்தாயி வந்து திரையை இழுத்தாள், இடுப்பைத் தூக்கிப் பேனை நுழைத்தாள். பாதிதான் பேனில் விழுந்தது. முத்தாயி துடைத்தாள், துணி மாற்றினாள், மறுபடி துடைத்தாள். நாற்றம் திரைக்குள்ளேயே நின்றது. நீலாவதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"மூஞ்ச அப்படி வச்சிக்காத," என்றாள் முத்தாயி. "ஒன்னோடதுதான்."

அதில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. பேனை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள், முழங்கால் எண்பத்தைந்து பாகை மடங்கியதும், வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊக்குகளை இன்னும் நாலு நாள் கழித்து எடுப்பதாகச் சொல்லிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். புண் சிவந்தால், நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும். அர்ச்சுனன் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக் கக்கூஸில் குந்த முடியாதென்று சந்திரன் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். அடியில் வாளி. படுக்கையறை மூலையில் அதை வைத்தார்கள். முதல் நாள் காலையில் அர்ச்சுனன் வாளியை எடுத்தார். மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு கையை நீட்டி, செத்த எலியைக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோனார். பின்கட்டில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. கழுவாமலே வாளியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் நேரே கோப்பிக்கடைக்குப் போய்விட்டார். வாளி காலையிலிருந்து மத்தியானம்வரை அங்கேயே இருந்தது. மே மாத வெயில், தகரக் கூரை. ஈ வந்தது. நீலாவதி சேலைத்தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தபடி குதிகாலை இழுத்து இழுத்து மடக்கினாள்.

திரும்பி வந்தவரிடம், "லுக்குட் வளைவுல லாரி கவுந்து இடுப்பு ஒடஞ்சி நாலு மாசம் கெடந்தீங்களே," என்றாள். "யாரு எடுத்தா?"

"அது பொம்பள செய்யிற வேலலா. நீ பழகுனவ."

"பழகுனவளா? தெனமும் பின்னால போயி வாந்தி எடுத்துட்டு வந்து உங்களுக்குச் சோறு ஊட்டுனேன். கேளுங்க, அக்கம்பக்கத்துல கேளுங்க."

அர்ச்சுனன் ரேடியோவைப் போட்டார்.

அன்றிலிருந்து அவள் பயிற்சியை இரட்டிப்பாக்கினாள். காலையில் ஐம்பது, மத்தியானம் ஐம்பது, விளக்கு வைத்தபின் ஐம்பது. வேறு எதற்கும் இல்லை, அந்த வாளி தன் அறையை விட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான். வலியில் பல்லைக் கடிக்கும்போதெல்லாம் மூலையைப் பார்ப்பாள். இன்னும் பத்து தடவை மடக்கத் தெம்பு வரும்.

ஊக்கு எடுத்து வந்த மூன்றாம் நாள் தழும்பின் அடிமுனை குறுகுறுத்தது. வீக்கத்தில் முழங்கால் மேடு மறைத்ததால் அவளால் அந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை.

"கீழ் முனையில என்னா இருக்கு? கொஞ்சம் பாருங்க."

அர்ச்சுனன் கட்டில் கால்மாட்டில் வந்து நின்றார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாளும் கேட்டாள். "காஞ்சிடுச்சி," என்றார். அதற்கடுத்த நாள் உடம்பு சுட்டது. "காய்ச்சல் மாதிரி இருக்கு, நல்லாப் பாருங்க," என்றாள். "ஒண்ணும் இல்ல நீலா. நீ எதுக்கெடுத்தாலும் அருவருப்புப் படுற ஆளு. சும்மா கெடக்குறதையும் நாறுதுங்கிற."

அதற்கும் மறுநாள் காலையில், பல் விளக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அந்த நாற்றம் வந்தது. வாளி காலியாக இருந்தது, அவளே பார்த்தாள். இது வேறு. புளித்த பாலும் ஊறிப்போன துணியும் சேர்ந்தமாதிரி ஒரு நாற்றம், தன்னிடமிருந்தே வந்தது. நாலுகால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போனாள். அர்ச்சுனனின் சவரக் கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றினாள். முழங்காலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். தழும்பின் அடிமுனை அரை விரல் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. சுற்றிலும் சிவப்பு. உள்ளிருந்து மஞ்சளாக வழிந்து ஆடுசதைவரை ஒரு கோடு ஓடிக் காய்ந்து, அதன் மேலேயே மறுபடி ஈரமாக வழிந்திருந்தது. ஒருநாளில் வந்ததல்ல அது.

அவள் கண்ணாடியைத் தொட்டிமேட்டில் வைத்தாள். வாந்தி வந்தது, எடுத்தாள். முகம் கழுவினாள். பிறகு கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அர்ச்சுனன் முன்னால் போய் நின்றாள்.

"மூணு நாளா நீங்க பாக்கவே இல்ல."

அவர் பேப்பரை இறக்கினார்.

"கால்மாட்டுல நின்னுக்கிட்டு எங்க பாத்தீங்க?"

அவர் பேப்பரை மடித்துக்கொண்டே, "சொவத்த," என்றார்.

நீலாவதி அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வாயைத் திறக்கக்கூட அவளுக்குக் கூசியது. முப்பத்தொன்பது வருசம் ஒரே பாயில் படுத்த ஆளை முன்பின் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். டெக்சிக்குப் போன் போட்டாள். அவர் கூட வர எழுந்தபோது, "நீங்க வராதீங்க," என்றாள்.

டாக்டர் அமிர்தலிங்கம் புண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எத்தன நாளாச்சி? யாரு பாத்துக்கிட்டா?"

"யாரும் பாக்கல," என்றாள்.

அன்று சாயந்திரமே மறுபடி ஆபரேசன் தியேட்டர். புண்ணைத் திறந்து, கெட்டதைச் சுரண்டி, போத்தல் போத்தலாக மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். "கிருமி இரும்புவரைக்கும் எறங்கியிருந்தா போட்டதெல்லாம் கழட்டணும்," என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். இறங்கவில்லை. இன்னும் நாலு நாள் போயிருந்தால் இறங்கியிருக்கும் என்று மறுநாள் சொன்னார். கையில் ஊசி குத்தி இரண்டு வாரம் மருந்து ஏற்றினார்கள்.

இந்தத் தடவை முத்தாயி பேன் கொண்டுவந்தபோது நீலாவதி கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவள் எப்படிச் செய்கிறாள் என்று பார்த்தாள். முத்தாயி அவசரப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை. பேனை மூடுவதற்கு முன்னால் உள்ளே என்ன நிறம் என்று ஒரு தடவை பார்ப்பாள். ரத்தம் கலந்திருந்தால் மிஸியிடம் சொல்லுவாள். பார்ப்பதும் அவள் வேலையில் ஒன்று.

போகிற நாள் நெருங்கியதும் நீலாவதி கேட்டாள். "முத்தாயி, ஒரு மாசம் பகல்ல எங்க வீட்டுக்கு வர முடியுமா? எனக்கு வேற ஆளு இல்ல."

முத்தாயி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"முடியாது," என்றாள்.

"வேல இருக்குன்னா..."

"வேல முடிஞ்சி வரலாம். வர புடிக்கல. இங்க செய்யிறது வேல. எல்லாருக்கும் செய்யிறேன், ஒனக்கும் செய்யிறேன். ஒன் வீட்டுக்குள்ள வந்து செய்யிறதுன்னா எனக்கு அருவருப்பா இருக்கு."

நீலாவதிக்குக் காது சுட்டது. முத்தாயி அடுத்த கட்டிலுக்குக் கீழே கூட்டப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நீலாவதி கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "இங்க வாங்க," என்று அர்ச்சுனனைக் கூப்பிட்டாள். "குனிங்க. இன்னும். மூக்குக்கிட்ட. என்னா நெறம்?"

"செவப்பு..."

"எங்க செவப்பு? எவ்வளவு தூரம்? ஈரமா, காஞ்சிருக்கா?"

அர்ச்சுனன் நிமிர்ந்துகொண்டார். "முடியல நீலா."

"மோந்து பாருங்க. மோந்து பாத்து சொல்லுங்க."

அவர் முகர்ந்தார். ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினார். அவள் அதே இடத்தில் காலை நீட்டியபடி காத்திருந்தாள். அவர் திரும்பி வந்தார், சட்டையில் வாயைத் துடைத்துக்கொண்டு. "வாட இல்ல," என்றார். "முனையில சின்ன ஈரம். ஒரு பட்டாணி அளவு."

"நாளைக்குப் பட்டாணியவிடப் பெருசா இருந்தா சொல்லணும்."

தினமும் இதே கதைதான். அவர் வாந்தி எடுப்பது ஒரு வாரத்தில் நின்றது. வாளியையும் எடுத்தார், கழுவினார். ஆனால் நீலாவதிக்கு அவர்மேல் வந்த அருவருப்பு இறங்கவில்லை. புண் காய்ந்தது, அது காயவில்லை. அவர் சாப்பிடுகிற சத்தம் அதற்கு முன்பெல்லாம் அவளுக்குக் கேட்டதில்லை, இப்போது கேட்டது. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

ஏழாவது வாரம் சட்டத்தை விட்டுக் கைத்தடிக்கு வந்தாள். வீட்டில் உட்காருகிற கக்கூஸ் கட்டச் செய்தாள். வாளி நாற்காலி அறையை விட்டுப் போனது. ஐந்தாவது மாதம் தடியும் வேண்டாமாயிற்று. முழங்கால் நூற்றைந்து பாகை மடங்கியது. தழும்பின் வெளிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மரத்தே கிடந்தது, தொட்டால் வேறு யாருடைய தோலையோ தொடுவதுபோல. எழுந்திருக்கும்போது உள்ளே டிக்கென்று ஒரு சத்தம். அந்தப் பழைய வலி மட்டும் இல்லை. சுத்தமாக இல்லை. சந்தைக்கு நடந்தே போய் வந்தாள்.

1995 நவம்பரில் மறுசோதனைக்குப் போனபோது, வெளியே பெஞ்சில் நோயாளிகளோடு முத்தாயி உட்கார்ந்திருந்தாள். நீலச் சட்டை இல்லை, சாதாரணப் பாவாடையும் பிளவுசும். கையில் எக்ஸ்ரே உறை.

"ரெண்டு காலும் போச்சி," என்றாள் முத்தாயி. "எடது காலுக்கு மொதல்ல செய்யலாம்ங்கிறாரு. எத்தன பேருக்குப் பேனு வச்சிருக்கேன். உள்ள என்னா நடக்குதுன்னு எவளும் சொன்னதில்ல. நீ சொல்லு."

நீலாவதி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். மறைக்காமல் சொன்னாள். முதுகு ஊசியை, ரம்பத்தை, பொசுங்கிய நாற்றத்தை. காதில் பஞ்சு கேட்டு வாங்கிக்கொள், நல்லாத் தூங்க வைக்கச் சொல்லு என்றாள். முதல் மூன்று நாள் செத்தால் தேவலை என்றிருக்கும், நாலாம் நாள் இருக்காது. காலைப் பார்த்துப் பயப்படாதே, அந்தக் கறுப்பெல்லாம் மஞ்சளாகி இறங்கிப் போய்விடும். வலி மாத்திரையை வலி வந்தபிறகு போடாதே, மடக்குவதற்கு அரை மணி முன்னால் போடு. மலச்சிக்கல் வரும், முதல் நாளிலிருந்தே மருந்து கேள். ராத்திரி கால் துடிக்கும், தூக்கம் வராது, இரண்டு மாதம் அப்படித்தான். தலையணை வைக்காதே. ஒருநாள் நல்லாயிருக்கும், மறுநாள் பழையபடி வீங்கும், அதைக் கண்டு அழாதே. புண்ணைத் தினமும் ஒரு ஆள் கண்ணால் பார்க்கணும், வாயால் சொன்னால் நம்பாதே.

முத்தாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "மக இருக்கா. பேக்டரி வேல. பகல்ல ஆளு இல்ல," என்றாள்.

"பகல்ல நான் வர்றேன்."

முத்தாயி திரும்பிப் பார்த்தாள். "பேனு யாரு எடுப்பா?"

நீலாவதியின் கை சேலைத்தலைப்போடு மூக்குக்குப் போனது. இறக்கிக்கொண்டாள். "நான்தான்."

"ஒன் மூஞ்ச பாரு. இப்பவே கொமட்டுது ஒனக்கு."

"ஆமா, கொமட்டுது. அதுக்கு என்னா பண்ணச் சொல்ற? வேணுமா, வேணாமா?"

முத்தாயி உறையை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள். உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கும்போது, "ஜனவரிலதான் தேதி குடுப்பாங்க," என்றாள்.

பிப்ரவரி முதல் வாரம் முத்தாயி ஆபரேசன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மகள் ரந்தாவ் போகிற ரோட்டோரமாகக் குடியிருந்தாள். நீலாவதி காலை எட்டரை பஸ்ஸில் போனாள். முதல் நாள் வாளியை எடுத்துக் கொட்டிவிட்டுப் பின்பக்கச் சாக்கடையில் குனிந்து வாந்தி எடுத்தாள். உள்ளேயிருந்து முத்தாயி, "கேக்குது," என்றாள். இரண்டாம் நாளும் எடுத்தாள். நாலாம் நாள் எடுக்கவில்லை, ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கினாள். புண்ணை மட்டும் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்ப்பாள். "காஞ்சிருக்கு. மேல் முனையில ரெண்டு ஊக்குக்கு நடுவுல கொஞ்சம் செவப்பு. நேத்தும் இவ்வளவுதான்," என்று சொல்லுவாள். முத்தாயி தலையாட்டுவாள். பிறகு நீலாவதி அவள் குதிகாலைப் பிடித்து மடக்குவாள். முத்தாயி கத்த மாட்டாள், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுவாள். இரண்டு பேரும் தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் மட்டும், தண்ணீர் பிடித்து வைக்கும்போது நீலாவதி, "அந்தப் பைப்படியில..." என்று ஆரம்பித்தாள்.

"அத விடு," என்றாள் முத்தாயி. "மன்னிச்சிட்டேன்னு சொல்ல வைக்காத. சொல்ல மாட்டேன். கால மடக்கு."

பத்தொன்பதாம் நாள் முத்தாயி சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானே கக்கூஸ்வரை போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே திரும்பி வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தபின், "நாளைக்கு வர வேணாம்," என்றாள். "நான் போயிக்குவேன்."

"புண்ணு?"

"மக பாக்குறேன்னு சொல்லியிருக்கா. எப்படிப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்துட்டேன்."

நீலாவதி வாளியைக் கடைசியாக ஒரு தடவை கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள். சன்னலோரம் இடம் கிடைத்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. வழியெல்லாம் வலது முழங்காலை மெதுவாக நீட்டி மடக்கிக்கொண்டே வந்தாள். ராசா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு கையையும் முகத்துக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை கழுவினாள்.